மாதாப்பூரில் ஒரு முற்றுகை

"பேக்காட்டயா பாபு?" என்று கேட்டபடி உள்ளே வந்தார் வீட்டு ஓனர். ஹைதராபாத்தில் பூட்டிய வீட்டுக்குள் காசு வைத்துச் சீட்டாடுபவர்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போகும் செய்தி அடிக்கடி பேப்பரில் வரும். அந்தப் பயம் அவருக்கு. மாதாப்பூர் அய்யப்ப சொசைட்டியில் மூன்றாவது மாடி, சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஆறு பேர், ஓயாமல் காய் உருளும் சத்தம். வேறு என்ன நினைப்பார்? சுற்றும் முற்றும் பார்த்தார். பணம் இல்லை, பாட்டில் இல்லை. பென்சில், ரப்பர், கட்டம் போட்ட தாள், மேஜை முழுக்க உஸ்மானியா பிஸ்கட் துகள். சமாதானமாகித் திரும்புகிற நேரம் பார்த்து எங்களில் ஒருவன், "அந்தக் கிழவனைப் போட்டுத் தள்ளிட்டா மதகுச் சாவி நமக்குத்தான்டா" என்றான். ஓனருக்கு எழுபது வயது. தமிழும் கொஞ்சம் புரியும்.

நாங்கள் ஆடுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரமாக நுழைந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் 20 முகம் கொண்ட காயை உருட்டிப் பார்ப்போம். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. கதை மாதக்கணக்கில் நீளும். அந்த நீண்ட கதைக்குத்தான் கேம்பெயின் என்று பெயர். உலகத்தைச் சொல்கிறவர் டிஎம். எங்கள் மேஜையில் அது நான்.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் இந்த விளையாட்டை வெளியிட்டார்கள். முதலில் அச்சடித்தது 1000 பெட்டிகள். ஆனால் 1971லேயே ஆர்னெசன் நண்பர்களைக் கூட்டி 'பிளாக்மூர்' என்கிற தன் சொந்த உலகத்தில் ஆடிக்கொண்டிருந்தார். அதாவது, கடையில் விற்கும் புத்தகத்துக்கு முன்பே வீட்டுச் சரக்கு வந்துவிட்டது. ஹோம்ப்ரூ என்று நாங்கள் சொல்வதும் அதைத்தான்: உலகம், தெய்வம், பூதம், பாதி விதிகள் எல்லாமே கைச்சரக்கு. "புக்ல அப்படி இல்லையே" என்று யாராவது ஆரம்பித்தால் நான் ஆர்னெசனைக் கைகாட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வேன். 2023 ஜனவரியில் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஆகவே புதிதாக ஆட வருகிறவர் ஒரு செட் காய் வாங்கினால் போதும். புத்தகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் மேஜையில் என்னைத் தவிர தமிழ் இரண்டு, தெலுங்கு இரண்டு, லக்னோ ஒன்று. எல்லோருக்கும் பிழைப்பு ஹைடெக் சிட்டியில். வார நாள் சாயங்காலம் அமெரிக்கக் கால் தொடங்கிவிடும், வெள்ளி ராத்திரி ரிலீஸ் இருக்கும். மிச்சம் சனி மதியம்தான். அதிலும் யாராவது ஒருவர் ஆன்-கால். போன் அலறினால் அவருடைய பாத்திரம் அந்த இடத்திலேயே சமாதி நிலைக்குப் போய்விடும். அடித்தாலும் ரத்தம் வராது, கேட்டாலும் பதில் வராது. இது எழுதி வைத்த விதி. ஐந்தில் மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு என்பது இன்னொன்று.

சொந்த உலகம் எதற்கு என்று கேட்பார்கள். புத்தகத்தில் வருவது பனி, ஓக் மரம், கணப்பு எரிகிற மதுச்சாலை. குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக எழுதப்பட்ட உலகம்தான். ஆனால் என் ஆட்டக்காரர்கள் அதற்குள் நுழைந்ததும் டப்பிங் படத்தில் வருகிறவர்கள் போலப் பேச ஆரம்பித்தார்கள். 2022இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டாடல்' தொகுப்பில் கொல்கத்தாக்காரரான மிமி மண்டல் வங்காளச் சாயலில் ஒரு சாகசம் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபிறகு எனக்குத் தைரியம் வந்தது. நான் ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்க்காரன். பனி தெரியாது. மடை திறக்கிற தகராறு அரிவாள் வரைக்கும் போவது தெரியும்.

மாதாப்பூரில் இப்படியொரு உலகத்துக்கு வேண்டியதெல்லாம் கண்ணெதிரே கிடக்கிறது. என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் துர்கம் செருவு. 2020இல் கேபிள் பாலம் வந்தபிறகு அது செல்ஃபி எடுக்கிற இடமாகிவிட்டது. குதுப்ஷாஹி காலத்தில் கோல்கொண்டா கோட்டைக்குக் குடிதண்ணீர் போனது இந்த ஏரியிலிருந்து. சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிற கருங்கல் பாறைகள். 250 கோடி வருஷத்துச் சரக்கு. அவற்றைக் காப்பாற்ற 1996 முதல் ஒரு சங்கமே இருந்தும், அபார்ட்மென்ட்டுக்காக உடைபட்டவைதான் அதிகம். என் உலகத்தில் அந்தப் பாறைகள் தூங்குகிற அரக்கர்கள். பக்கத்து மனையில் ஒருநாள் கல்லுக்கு வெடி வைத்தார்கள், மேஜை அதிர்ந்தது. "அது என்ன சத்தம்?" என்று ஒருத்தி பாத்திரமாகவே கேட்டாள். "ஒருத்தன் எழுந்துட்டான்" என்றேன். அடுத்த மூன்று வாரம் அந்த அரக்கனைச் சமாளிப்பதிலேயே போயிற்று. பில்டருக்கு நன்றி.

கதைக்கு முதுகெலும்பு கோல்கொண்டா முற்றுகை. 1687இல் ஔரங்கசீப்பின் படை எட்டு மாதம் வெளியே கிடந்தது. சுவரைத் தகர்க்க வைத்த வெடி முகலாயர் பக்கமே திரும்பி அவர்கள் ஆட்களையே கொன்றது. மழையும் பஞ்சமும் பாசறையை அரித்தன. கடைசியில் கோட்டை விழுந்தது பீரங்கியால் அல்ல. உள்ளே இருந்த ஒரு தளபதி காசு வாங்கிக்கொண்டு ராத்திரியில் ஒரு வாசலைத் திறந்துவிட்டான். அந்த வாசலில் அப்துர் ரசாக் லாரி என்கிற இன்னொரு தளபதி ஏறக்குறைய தனியாளாக நின்று சண்டை போட்டு, சுமார் எழுபது காயங்களோடு விழுந்தார். ஔரங்கசீப்பே வைத்தியர்களை அனுப்பிப் பிழைக்க வைத்தாராம். எங்கள் விளையாட்டில் உயிர்பலத்தைப் புள்ளிகளாகக் கணக்கு வைப்போம். அந்த மனுஷருக்கு எத்தனை புள்ளி போடுவது என்று நான் யோசித்துத் தோற்ற ராத்திரிகள் உண்டு.

லக்னோக்காரர் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் தன் தளபதிப் பாத்திரத்துக்கு லாரி என்றே பெயர் வைத்தார். தண்ணீர்ப் பஞ்சத்துக் கதையில் லாரி என்றொரு ஆள். தமிழர்கள் இருவரும் சிரித்து முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. ஏன் என்று மற்றவர்களுக்கு விளக்க இன்னொரு கால்மணி.

ஆக, ஆட்டக்காரர்கள் முற்றுகைக்குள் இருக்கிறார்கள். ஏரி வெளியே, எதிரியின் கையில். கோட்டைக்குள் இருப்பது தொட்டிகளில் தேங்கிய தண்ணீர் மட்டும். இங்கேதான் விதிப்புத்தகம் இடித்தது. இந்த விளையாட்டில் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் எல்லாக் காயமும் ஆறிவிடும். அப்படியென்றால் முற்றுகைக்கு என்ன மரியாதை? ஓய்வை ஏழு நாளாக நீட்டிக்கொள்ளலாம் என்று புத்தகத்திலேயே ஒரு மாற்று விதி இருக்கிறது. நான் அதை எடுக்கவில்லை. தூங்கி எழுந்தால் காயம் ஆறும், ஆனால் முழுப்பங்குத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும் என்று வைத்தேன். தங்கக் காசையும் தூக்கிவிட்டேன். கோட்டைக்குள் செலாவணி குடம். வாள் தீட்டக் கால்குடம், வைத்தியருக்கு அரைக்குடம், காவலாளி வாயை அடைக்க ஒரு குடம். இரண்டே வாரத்தில் ஆட்டக்காரர்கள் பேரம் பேசுகிற விதமே மாறிவிட்டது. தங்கம் இருந்தபோது அள்ளி வீசினவர்கள் இப்போது கிண்ணத்தால் அளந்தார்கள்.

அப்புறம் வந்தாள் பொம்மக்கா. தெலுங்குப் பெண் ஒருத்தியின் பாத்திரம். கலுங்கடி அம்மனின் பூசாரிச்சி. இந்த விளையாட்டில் பாத்திரங்களுக்கு வகுப்பும், ஆட ஆட ஏறுகிற நிலையும் உண்டு. பூசாரி வகுப்புக்கு முதல் நிலையிலேயே தண்ணீர் வரவழைக்கிற மந்திரம் ஒன்று கிடைக்கும். ஒருமுறை சொன்னால் 10 காலன், சுமார் 38 லிட்டர், பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய இரண்டரை. நான் மாதக்கணக்கில் கட்டிய பஞ்சத்தை ஒரு மந்திரம் உடைத்துவிடும். மற்ற டிஎம்கள் பலர் இந்த மாதிரி இடத்தில் மந்திரத்தைத் தடை செய்துவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. ஆட்டக்காரர் ஆசையாகத் தேர்ந்தெடுத்த ஒன்றைப் பிடுங்கினால், அடுத்து எதைத் தேர்ந்தெடுக்கவும் அவர் கை நடுங்கும். மந்திரம் இருக்கட்டும் என்று விட்டேன். ஆனால் தண்ணீர் வரவழைக்க ஒருத்தி இருக்கிறாள் என்பது தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் விடிகாலை அவள் வாசலில் குடங்கள் வரிசையில் நின்றன.

விதிப்படி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 காலன் வேண்டும், வெயில் காலத்தில் 2. முதல் நிலையில் அவளால் ஒரு நாளில் இரண்டு முறை மந்திரம் சொல்ல முடியும்: 20 பேர். மூன்றாம் நிலைக்கு ஏறினால், பெரிய மந்திர வலுவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 80 காலன்: 80 பேர், வெயிலில் 40. தெருவில் இருப்பதோ இருநூறு பேர். அதோடு, வலுவையெல்லாம் தண்ணீருக்கே செலவழித்தால் காயத்தை ஆற்றவும் சண்டைக்கும் ஒன்றும் மிஞ்சாது. பொதுவாக நிலை ஏறினால் ஆட்டக்காரர்கள் எவ்வளவு பலமாக அடிக்கலாம் என்று பார்ப்பார்கள். இந்தப் பெண் கால்குலேட்டரை எடுத்துக் கூடுதலாக எத்தனை குடம் என்று பார்த்தாள். என் வேலை பாதி அங்கேயே முடிந்தது.

வரிசை என்றதும் வரிசையில் யார் முதலில் என்ற கேள்வி வந்தே தீரும். தண்ணீரை வைத்துத் தென்னாட்டுக் கதை கட்டிவிட்டுச் சாதியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கேம்பெயின் ஆரம்பிக்கும் முன்பே இதற்காக ஒரு மதியம் உட்கார்ந்தோம். காய் உருட்டாமல் பேச மட்டும் கூடுகிற அந்தச் சந்திப்பை செஷன் சீரோ என்போம். "திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் அதுலதான் இருக்கேன், சனிக்கிழமையும் வேணுமா?" என்றார் ஒருவர். இன்னொருவர் 1927இல் அம்பேத்கர் மகாட் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியதைச் சொல்லி, "குளத்தை வெச்சுட்டு இதை விட்டா அது பொய்ங்க" என்றார். இரண்டுமே நியாயம். நீண்ட பேச்சுக்குப் பிறகு இப்படி முடிவானது: உலகத்தில் பாகுபாடு உண்டு, யார் மொண்டு யார் வாங்குவது என்ற கட்டுப்பாடு உண்டு, ஆனால் ஆட்டக்காரர்களின் பாத்திரம் மீது யாரும் அதைப் பிரயோகிக்கக் கூடாது, அவமானம் எதையும் நடித்துக் காட்டக் கூடாது. யாருக்காவது சங்கடமானால் மேஜை நடுவில் இருக்கிற எக்ஸ் போட்ட சீட்டைத் தொடலாம். தொட்டால் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைத் தாண்டிவிடுவோம். இதெல்லாம் ஒரு விளையாட்டுக்கு அதிகப்படி என்று சிலர் நினைக்கலாம். என் அனுபவத்தில் இதைப் பேசிவிட்டு ஆடுகிற மேஜைதான் துணிந்து ஆடுகிறது.

பொம்மக்கா முதல் நாளே வரிசையைக் கலைத்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், நான் தெருக்கோடியிலிருந்து வருகிறேன் என்றாள். கோடியில் யார் குடியிருக்கிறார்கள் என்பது மேஜையில் எல்லோருக்கும் தெரியும். கோட்டைப் பெரியவர்கள் அன்றைக்கே அவளுக்கு எதிரியானார்கள்.

காய் உருட்டுவதில் உள்ள கணக்கையும் சொல்லவேண்டும். ஹோம்ப்ரூ செய்ய வருகிற பலர் அங்கேதான் சறுக்குகிறார்கள். 20 முகக் காயில் ஒவ்வொரு எண்ணுக்கும் 5 சதவீதம். பொம்மக்கா கூட்டத்தைச் சமாதானப்படுத்த 10 அல்லது அதற்கு மேல் விழவேண்டும் என்றால் வாய்ப்பு 55 சதவீதம். நல்ல யோசனையோடு வந்தால் அட்வான்டேஜ் கொடுப்போம். அதாவது இரண்டு காய் உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பு கிட்டத்தட்ட 80க்குத் தாவிவிடும். ஆனால் 20 விழுந்தால்தான் ஆச்சு என்கிற காரியத்தில் அதே அட்வான்டேஜ் 5 சதவீதத்தை 10க்குக்கூடக் கொண்டுபோகாது. நடுத்தரக் காரியத்துக்குப் பெரிய பரிசு, அசாத்தியக் காரியத்துக்கு வெறும் ஆறுதல். 20 முகக் காயை எடுத்துவிட்டு மூன்று சாதாரணக் காயை உருட்டலாமா என்றும் பார்த்தேன். சராசரி அதே பத்தரைதான். ஆனால் உச்ச எண் 216இல் ஒருமுறைதான் விழும். எங்கள் ஆட்கள் 20 விழுந்ததும் கத்துவதற்காகவே மெட்ரோ ஏறி வருகிறவர்கள். கைவைக்கவில்லை. குறி கேட்கிற காட்சிக்கு மட்டும் ஆறு சோழி வைத்திருக்கிறேன். சோழி நேர்மையான காய் இல்லை, ஒரு பக்கம் சாயும். குறிக்கு அது போதும்.

வாரத்துக்கு நான் தயார் செய்வது ஒரு பக்கம். கோட்டைக்குள் இருப்பவர்களில் மூன்று பேர், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், கிடைக்காவிட்டால் சனிக்கிழமைக்குள் என்ன செய்வார்கள். அவ்வளவுதான். கூடவே இருபது பெயர்கள் தயாராக இருக்கும். நாம் மந்திரிக்குப் பெயர் வைத்துக் காத்திருப்போம், ஆட்டக்காரர்கள் பஜ்ஜிக் கடைக்காரன் பெயரைக் கேட்பார்கள். சண்டையில் யாருக்கு அடுத்து யார் என்பதைத் துணிக் கிளிப்பில் பெயர் எழுதி அட்டையில் மாட்டிவிடுவேன். வரைபடத்தில் அடுத்த வாரம் அவர்கள் கால் படக்கூடிய தெருக்களை மட்டும் வரைவேன். எல்லையில்லாத உலகம் வரைந்து வைத்திருக்கும் டிஎம்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவர்களுக்கு அதைக் காட்ட ஆள் கிடைப்பதில்லை.

ஒவ்வொரு செஷனையும் முடிக்கிற விதத்தை வேதாளத்திடம் கற்றேன். என் மேஜையில் ஐந்து பேருக்கும் பொதுவான கதை ஒன்று உண்டென்றால் அது விக்கிரமாதித்தன்தான். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கில் சந்தமாமாவும் தமிழில் அம்புலிமாமாவும் கொண்டுவந்தார்கள். அதே இருவர்தான் 1951இல் 'பாதாள பைரவி' எடுத்தது. தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமாதித்தன் நடக்கிற, ஓவியர் சங்கர் போட்ட அந்தப் படத்தை ஹைதராபாத் வீடுகளிலும் காரைக்குடி வீடுகளிலும் ஒன்றுபோலப் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். லக்னோக்காரருக்கு 1985இல் தூர்தர்ஷனில் வந்த 'விக்ரம் அவுர் பேதால்' அவர் அம்மா வழியாகத் தெரியும். வேதாளம் ஆளை மிரட்டுவதைவிட அது கதை முடிவில் கேட்கிற கேள்விதான் பெரிது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். நான் பாதாளத்தில் தொங்கவிட்டு 'தொடரும்' போடுவதில்லை. ஒரு கேள்வியைப் போட்டு அனுப்பிவிடுவேன். செவ்வாய்க்கிழமை ஆபீஸ் கேன்டீன் வரைக்கும் அது போகும்.

வாசலை யார் திறப்பார்கள் என்பதை நான் முடிவு செய்யவே இல்லை. கோட்டைக்குள் காசு வாங்கக்கூடியவர்கள் மூன்று பேரைத் தயாராக வைத்திருந்தேன், யார் முந்துவார்கள் என்று தெரியாது. மழை பெய்யாத ஒரு மாதத்தின் கடைசியில் எதிரித் தளபதியிடமிருந்து ஓலை வந்தது: சின்ன வாசலைத் திறந்தால் ஏரி மதகைத் திறக்கிறேன். அன்றைக்கு ஒரு காயும் உருளவில்லை. இரண்டு மணி நேரம் வாய்ச்சண்டை. லாரி முடியவே முடியாது என்றார். மற்ற மூவரும் அவர் பக்கம். பொம்மக்கா வாயே திறக்கவில்லை. டீ ஆறிப்போய், நான் ராத்திரிக் காட்சியைச் சொல்ல ஆரம்பித்தபோது அந்தப் பெண் எனக்கு ஒரு துண்டுச்சீட்டைத் தள்ளினாள். வாசலுக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தது.

வாசலில் காவல் லாரி. புத்தகப்படி அவள் பதுங்கி நடப்பதற்கு ஒரு காய், அவர் கவனிப்பதற்கு ஒரு காய். ஆனால் எங்கள் மேஜையில், ஆட்டக்காரருக்கு எதிராக ஆட்டக்காரர் ஒன்றைச் செய்தால் காய் கிடையாது. பாதிக்கப்படுகிறவர் என்ன நடந்தது என்று சொல்வார். சீட்டை அவர் பக்கம் தள்ளினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் தூங்கலை," என்றார் இந்தியில். "பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். திறக்கட்டும்."

யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தமிழ்ப் பையன் ஒருவன்தான் கோபப்பட்டான். "ரெண்டு மணி நேரமா முடியாதுன்னு கத்தினது நீங்கதானே பாய்?" "ஆமா, நான் கத்தினேன். லாரிக்கு ராத்திரியில தெருக்கோடியில குழந்தைங்க அழற சத்தம் கேட்குது" என்றார். அந்தச் சத்தத்தை நான் எந்தக் குறிப்பிலும் எழுதவில்லை. அது அவர் போட்டது. வேதாளத்தின் கேள்வியும் எனக்கு இனாமாகக் கிடைத்தது: திறந்தவள் துரோகியா, திறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் துரோகியா? அந்த வாரம் வாட்ஸ்அப்பில் நடந்த சண்டையைப் படித்தால் ஓனர் போலீசுக்கே போயிருப்பார். தமிழ்ப் பையன் ஒரு சனிக்கிழமை வரவில்லை. அடுத்த சனிக்கிழமை மிர்ச்சி பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்து, தன் பாத்திரம் இனி பொம்மக்காவோடு பேசாது என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தான். கேம்பெயின் முடிகிற வரை அவன் பேசவும் இல்லை.

இப்போது ஆடுவது அதே உலகம், முப்பது வருஷம் கழித்து. ஏரியும் அதே ஏரிதான், மதகு மட்டும் வேறு கைக்குப் போயிருக்கிறது. ஆட்டக்காரர்களுக்குப் புதுப் பாத்திரங்கள். பழைய பொம்மக்கா கிழவியாக, கரையில் தனியாகக் குடியிருக்கிறாள். இனி அவளுக்குக் குரல் கொடுப்பது நான். முதல் காட்சியில் கொஞ்சம் தழுதழுத்த குரலில், பழசையெல்லாம் நினைத்து வருந்துகிறவளாகப் பேசிப் பார்த்தேன். மூன்று வசனம் தாண்டவில்லை.

"அன்னா, நிறுத்துங்க. என் பொம்மக்கா இப்படி அழுமூஞ்சியா பேசமாட்டா. திறந்ததுக்கு ஒரு நாள்கூட அவ வருத்தப்பட்டதில்ல. தள்ளுங்க, நான் பேசுறேன்."

என் குறிப்புத்தாளைப் பிடுங்கிக்கொண்டு என் நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டாள். கிழவி மற்ற நால்வரையும் வாங்கு வாங்கு என்று வாங்கினாள். அந்த அரைமணி நேரமும் டிஎம்மாகிய நான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன்.